இனி அந்த நட்டைத் தொங்கவிட மாட்டேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு "பாக்கலாம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள். அது தெரிந்தும் மறுநாள் காலையில் திரும்பக் கூப்பிட்டு, "இன்னாமா, முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டாய். போனில் பதில் சொல்லப் போனால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அப்பா போனைப் பிடுங்கி "சாப்ட்டியாடா" என்று கேட்டு அதோடு முடித்துவிடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஓசூரில் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் இதைப் பிரிக்காதே. லீவு நாளில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படி.

நீ கேட்டது இதுதான். "இசக்கிதான் அத்தை சங்கிலிய எடுத்துச்சுன்னு மாமா பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிகினு கீறாரு. கல்யாணத்துக்கும் வரமாட்டாராம். உன் கைய ஊரே நம்புது. ஒரே ஒரு தபா அந்த நட்ட தொங்கவுட்டு, இந்தப் பொண்ணு எடுக்கலன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிடும்மா. அதோட முடிஞ்சிரும்." கட்டிக்கொள்ளப் போகிறவளின் பேரைக் காப்பாற்ற நினைத்துத்தான் கேட்டாய். அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனாலும் மாட்டேன். ஏன் மாட்டேன் என்பது உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும். அது நடந்த அன்று நீ இங்கே இல்லை. உனக்குத் தெரிந்தது மாமா சொன்ன பாதிதான். மீதிப் பாதியை இசக்கி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

என் கையைப் பற்றி ஊர் பேசத் தொடங்கியது நீ பிறப்பதற்கும் முன்னால். நான் கல்யாணமாகி வந்த புதிதில், இந்த வீட்டுக்குப் போர் போடுவதற்காக நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரை அப்பா கூட்டிவந்தார். குடுமி வைத்து உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கப் போட்டுக்கொண்டு அவர் மனை முழுக்க நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் மெல்ல எழுந்து நின்றது. அடியில் தண்ணீர் ஓடுகிறது என்றார். வேடிக்கை பார்த்தவர்கள் ஆளுக்கொரு தடவை தேங்காயை வாங்கிக்கொண்டு நடந்தார்கள். அப்பா கையில் அது கல் மாதிரி கிடந்தது. என் கையில் எழுந்துவிட்டது. உள்ளங்கையில் ஓர் இழுப்பு வந்தது; பிடித்து நிறுத்தினாலும் நிற்காத இழுப்பு. அந்த ஆள் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஓ பாசிட்டிவ் ரத்தமா?" என்று கேட்டார். அந்த ரத்தம் உள்ளவர்களுக்குத்தான் இது வருமாம். எனக்கு பி பாசிட்டிவ் என்றேன். "அப்ப இது சாமி குடுத்தது" என்று உடனே மாற்றிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் கொஞ்ச நாளிலேயே, பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் என்னைக் கூப்பிட வந்து நின்றார்கள்.

பிறகு இங்கே கம்பெனிகள் வந்தன. வல்லம் வடகாலில் நெல் விளைந்த நிலமெல்லாம் எஸ்டேட் ஆனது. நிலத்தைக் கொடுத்தவர்கள் மிச்சமிருந்த இடத்தில் அறைகள் கட்டி, வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு போர். நான் தேங்காயோடு நடந்து இடம் காட்டுவேன். போர் போட்டு முடித்ததும் அப்பா மோட்டார் இறக்குவார். மோட்டார் காயில் கருகிப்போனால் அவரே புதுக் கம்பி சுற்றிக் கட்டித் தருவார். உன் படிப்பு அந்தத் தண்ணீரில்தான் ஓடியது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்தில் நான் காட்டிய இடம் ஒன்றுகூடத் தப்பவில்லை. என் பேர் அங்கேதான் ஓங்கியது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா, "அந்தப் பக்கம் ஏரித் தண்ணி மண்ணுக்குள்ளயே ஊறிகினு கீது. கண்ண மூடிகினு எங்க குத்துனாலும் வரும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஒரகடம் பக்கம் போனால் பாறை. அங்கே ஒரு குடும்பம். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், மனைவி டிபன் கடை வைத்திருந்தார். நான் காட்டிய இடத்தில் போர் லாரி நின்று பகலெல்லாம் துளைத்தது. கல்தூள்தான் வெள்ளையாகப் பறந்தது. அந்த அம்மாவின் தலைமுடி, காயப்போட்ட துணி, இட்லிப் பானை, எல்லாவற்றின் மேலும் மாவு கொட்டினாற்போல் படிந்தது. லாரிக்காரர் குழாயை உருவத் தொடங்கியதும், என்ன திட்டப் போகிறார்களோ என்று நான் ஓரமாக நின்றேன். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க ராசி அப்படிம்மா. நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று சொல்லி எனக்குத் தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இட்லியைத்தான் தாங்க முடியவில்லை. தண்ணீர் வந்தால் என் கைக்குப் பேர். வராவிட்டால் அவர்கள் ராசிக்குப் பழி. நான் தோற்கவே முடியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்படி நிற்கிறவர்களைக் கண்டால் நீ ஜாக்கிரதையாக இரு. அது அம்மாவாக இருந்தாலும் சரி, உன் லைன் சூப்பர்வைசராக இருந்தாலும் சரி.

நீ பாலிடெக்னிக்கில் படிக்கும்போது உன்னோடு படித்தவன் ஒருவன், "உங்கம்மா மந்திரக்காரியாடா?" என்று கேட்டுவிட்டான் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். அன்றைக்கு என்னிடம் நேராகக் கேட்டாய்: "நெஜமாவே உனக்குத் தண்ணி இருக்கறது தெரியுதாம்மா?" நான், "கையில ஒரு இழுப்பு வருதுடா. அது பொய் இல்ல. கீழ தண்ணி கீதுன்னு அதுக்குத் தெரியுமான்னுதான் எனக்குத் தெரியல" என்றேன். உனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் உனக்கு வசதியாக இருந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அதே பதில்தான் இருக்கிறது.

நட்டு வந்தது அதற்கப்புறம். தண்ணீரைக் காட்டுகிறவள் தொலைந்த பொருளையும் காட்டுவாள் என்று ஆட்கள் அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அப்பாவின் மேசையிலிருந்து ஒரு பித்தளை நட்டை எடுத்து நூலில் கோத்துத் தொங்கவிடுவேன். நான் கேள்வி கேட்கக் கேட்க அது ஆடும். நேராக ஆடினால் இல்லை. வட்டமாகச் சுற்றினால் ஆமாம். வண்டிச் சாவி, கொலுசு, ரேஷன் கார்டு என்று எத்தனையோ கிடைத்திருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. "சாவிய கடைசியா எப்பப் பாத்த? அப்பக் கையில வேற இன்னா வெச்சிருந்த?" என்று கேட்பேன். "முருங்கக்காக் கட்டு" என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் விரியும். எழுந்து ஓடினால் காய்கறிக் கூடையின் அடியில் சாவி கிடக்கும். ஞாபகம் அவளுடையது, பேர் நட்டுடையது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மாமா, எஸ்டேட்டுக்குப் போன நிலத்துக்கு வந்த பணத்தில் பெண்களுக்கான ஹாஸ்டல் கட்டினார் அல்லவா? அந்த போருக்கும் இடம் காட்டியது நான்தான். தென்காசி, ராமநாதபுரம் என்று தூரத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். இசக்கியும் அதில் ஒருத்தி. எனக்கு அவளை அப்போது தெரியாது. ஒரு வார விடுமுறை நாளில், ஹாஸ்டல் சமையலறையில் அனல் தாங்காமல் அத்தை தன் ரெட்டை வடச் சங்கிலியைக் கழற்றி மேடையில் வைத்தாராம். தாளித்து இறக்கிவிட்டுத் திரும்பினால் காணவில்லை. நடுவில் சமையலறைக்குள் வந்தவள் இசக்கி ஒருத்திதான். நைட் ஷிப்ட் முடிந்து வந்து குளிக்க வெந்நீர் கேட்டிருக்கிறாள். தம்பியின் காலேஜ் பீஸுக்கு வழியில்லை என்று அவள் போனில் அழுததைக் கூட இருந்தவள் ஒருத்தி வேறு கேட்டிருந்தாள். அவ்வளவு போதுமாயிற்று. மாமா எனக்குப் போன் போட்டார். ஹாஸ்டல் மோட்டாரைப் பார்க்க வேண்டியிருந்ததால் அப்பாவும் கூட வந்தார்.

கேட்டிலேயே மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "பெட்டியெல்லாம் தொறந்து பாத்தாச்சு, கெடைக்கல. அந்தத் தென்காசிப் பொண்ணு கீது பாரு, பச்ச நைட்டி, அது மேலதான் எல்லாருக்கும் சந்தேகம். நீ நட்ட வெச்சுக் காட்டிட்டா பயந்து குடுத்துரும். இல்லாங்காட்டி கான்ட்ராக்டருக்குச் சொல்லி ஐடி கார்ட புடுங்கிட்டு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன்."

"நான் பொருளத்தாண்ணா தேடுவேன். ஆள காட்டுனது இல்ல."

"பொருள் ஆள்கிட்டத்தான கீது?"

அண்ணன் கேட்டு நான் மறுத்த வழக்கம் இல்லை. பெண்களை எல்லாம் வராந்தாவில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பாதிப் பேருக்குத் தூக்கம்கூடக் கலையவில்லை. நான் நட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொருத்தி முன்னாலும் நின்றேன். அது அசையாமல் தொங்கியது. பச்சை நைட்டி முன்னால் வந்தேன். நட்டு மெல்ல ஆடியது, பிறகு வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. "பாத்தியா!" என்று மாமா கத்தினார். இசக்கி அழவில்லை. அவள் நட்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். "நான் எடுக்கலக்கா. எடுக்கலன்னு எப்டிக்கா காட்டுதது? சொல்லுங்க, காட்டுதேன்" என்றாள்.

தம்பி, இந்த இடத்தை நீ நிறுத்திப் படி. என் கை அப்போது பொய் சொல்லவில்லை. நான் வேண்டுமென்று ஆட்டவில்லை. தேங்காய் எழுந்தபோது இருந்த அதே இழுப்புதான் விரலில் இருந்தது. ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னை உலுக்கிவிட்டது. மற்ற பெண்கள் முன்னால் என் கைக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இவள் முன்னால் வரும்போது மட்டும், பச்சை நைட்டி என்று அண்ணன் காதில் ஓதியது இருந்தது. அத்தையின் வீங்கிய கண் இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போகலாம் என்ற என் அவசரம் இருந்தது. எல்லாமாகச் சேர்ந்துதான் இழுத்தது. இதை நான் மனதுக்குள் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்திருந்தால், அந்தப் பெண் அன்றைக்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பாள்.

நான் அத்தையைக் கூப்பிட்டேன். "அண்ணி, அந்தத் துண்ட எடுத்து என் கண்ணக் கட்டு. கட்டிட்டு இவங்கள எல்லாம் மாத்தி நிக்க வை. யார் எங்க நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது. நட்டுக்குத் தெரிஞ்சா மறுபடியும் இதே பொண்ணுகிட்ட சுத்தட்டும்." மாமாவுக்கு இது தேவையில்லாத வேலையாகப் பட்டது. ஆனால் என் கை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "நல்லா கட்டு. நானும் வரிசையில நிக்கிறேன், பாத்துருவோம்" என்றார். அத்தை என் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். துணிக்கு உள்ளே ஒரே இருட்டு. பெண்கள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஓரிடத்தில் நட்டு சுற்றியது. முன்னைவிட வேகமாகவே சுற்றியது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். துண்டை இறக்கிப் பார்த்தால் எதிரே மாமா நிற்கிறார்.

"அப்ப சங்கிலி உன்கிட்டத்தான் கீதாண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னா பேச்சு பேசுற நீ?"

"நான் பேசலண்ணா. நட்டுதான் பேசுது. அது சொன்னா சரின்னு நீதான சொன்ன."

மாமா முகம் கறுத்துப்போனது. அவர் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் எப்போதும் பூசுகிற ஜவ்வாது வாசனை என் மூக்குக்கு எட்டியிருக்கலாம். ஒரு பெண்ணை இப்படி நிறுத்தி வைத்தாரே என்று அவர் மேல் எனக்குக் கோபம் ஏறியிருந்தது. முதலில் என் கை ஊரார் சந்தேகப்பட்ட பக்கம் போனது. அடுத்து நான் கோபப்பட்ட பக்கம் போனது. இதை அந்தப் பெண்கள் எல்லாருக்கும் கேட்கும்படி அங்கேயே சொன்னேன். "இது சங்கிலியக் காட்டல. என் மனசத்தான் காட்டுது. இத வெச்சு யாரையும் எதுவும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து நட்டை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் யாருடைய மோட்டாரிலோ மாட்டிவிட்டார். நீ தொங்கவிடச் சொல்கிற நட்டு இப்போது எந்த வீட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறதோ, அவருக்கே தெரியாது.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும் பேச்சை மாமா அதற்குமேல் எடுக்கவில்லை. "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று எனக்குச் சொன்னார். இசக்கியிடம் அறையைக் காலி செய்யச் சொன்னார். அவள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போய், நம் மாடி அறை காலியாக இருக்கிறது, வேலை செய்கிற இடத்தில் தோழி யாராவது இருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கும் சந்தேகம் இருக்கும்லாக்கா. பொறவு எதுக்குக் கூப்புடுதிய?" என்றாள். "சந்தேகம் வந்தா பீரோவ பூட்டிக்கிறேன். நீ வா" என்றேன். அந்த நாளில் முதல்முறையாக அவள் சிரித்தாள். பூட்டினேனா என்று நீ கேட்பாய். பூட்டினேன். கொஞ்ச நாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன். பிறகு ஒரு நாள் மறந்துவிட்டேன். அதற்கப்புறம் மறந்துகொண்டே இருந்தேன். ஒருவரை நம்புவது என்றால் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது பூட்ட மறந்துபோவதாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு பொருள் தேடித் தரச் சொல்லி வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டேன். தண்ணீருக்கு வருகிறவர்களிடம், "பக்கத்து வூட்டு போர்ல எவ்வளவு ஆழத்துல தண்ணி கீதுன்னு மொதல்ல கேளுங்க. மிஷின் வெச்சுப் பாக்குறவரையும் கூப்புடுங்க. அதுக்கப்புறமும் வேணும்னா நான் வரேன்" என்று சொல்கிறேன். பாதிப் பேர் அப்படியே போய்விடுகிறார்கள். நான் பயந்துவிட்டேன் என்று மாமா சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. சொல்லட்டும். வேலை குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் இப்போது ஒரு மனையில் இடம் காட்டிவிட்டு வந்தால், தப்பினால் அது என் தப்பு என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். அந்தச் சுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ அடுத்த பொங்கலுக்கு வந்தாய். மாடியில் குடியிருக்கிற பெண்ணிடம் போய் வைஃபை பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றாய். நம் வீட்டு வைஃபை அது! அப்போதே அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நீ சொல்லும்வரை நாங்கள் எதுவும் கேட்கவில்லை. ஊர் வேறு, உறவு வேறு என்று சிலர் இழுத்தார்கள். அதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமா மட்டும் பழைய கதையைக் கிளப்பினார். திருடியை வீட்டுக்குள் கொண்டுவருகிறாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டார்.

நீ கேட்டதை நான் இசக்கியிடம் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை, அவள் பேரைப் பற்றிய காரியம் இது. ஷிப்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றைக் கட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வேண்டாம்க்கா. அன்னைக்கு ஒருக்க நின்னேன், போதும். இன்னைக்கு நல்லவள்னு ஆடும். நாளைக்கு வீட்ல ஒண்ணு காணாமப் போச்சுன்னா? அப்பவும் என்னிய அது முன்னாடி நிக்கச் சொல்லுவாவள்லா?" என்றாள். பஸ் வந்துவிட்டது, போய்விட்டாள். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் சொல்ல வேண்டியதை என்னைவிடச் சுருக்கமாக அவள் சொல்லிவிட்டாள். உனக்கு நான் மறுப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. அவளை நல்லவள் என்று சொல்ல ஒரு நட்டுக்கு உரிமை கொடுத்தால், கெட்டவள் என்று சொல்லவும் கொடுத்ததாகிவிடும்.

நேற்று நானும் அப்பாவும் தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம். மிதிக்காதே என்று சொன்ன வாசப்படியை மிதித்துத்தான் போனேன். மாமா சோபாவில் உட்கார்ந்திருந்தார், எழவில்லை. "நட்ட கொண்டாந்தியா?" என்று கேட்டார். உன் யோசனை அவர் காதுக்கும் போயிருக்கிறது, நீதான் சொல்லியிருப்பாய். இல்லை என்றேன்.

"அப்ப வாயாலயாவது சொல்லு. அது எடுக்கலன்னு உன் புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. நான் வரேன்."

"எனக்குத் தெரியாதுண்ணா" என்றேன். "நான் பாக்கல. உனக்கும் தெரியாது, நீயும் பாக்கல. சங்கிலி எங்க கீதுன்னு நம்ம யாருக்கும் தெரியாது. தெரியாத ஒண்ண வெச்சுகினு அந்தப் பொண்ண திருடின்னும் கூப்புடலாம், மருமகள்னும் கூப்புடலாம். நான் மருமகள்னு கூப்புடுறேன். நீ இன்னா கூப்புடுவன்னு நீயே முடிவு பண்ணு."

மாமா எழுந்துவிட்டார். "தாய்மாமன் இல்லாம உன் புள்ளைக்கு யாரு பட்டம் கட்டுவாங்கன்னு நானும் பாக்குறேன்" என்றார். மணவறையில் மாப்பிள்ளை நெற்றியில் பட்டம் கட்டுவது மாமன் உரிமை என்பதால், அதைச் சொன்னால் நான் இறங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார். "நான் கட்டுவேண்ணா. நீ வந்தா நீ கட்டு. வரலைன்னா பெத்தவ நான் கட்டுறேன்" என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்; மாமா எதிரில் வாய் திறக்காதவர், "பட்டத்து நூல நான் புடிச்சிக்கிறேன்" என்றார்.

அப்போதுதான் அத்தை உள்ளேயிருந்து வந்தார். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேடையிலதான் வெச்சனா, இல்ல கூடையில போட்டுகினு மார்க்கெட்டுக்குப் போனனா, எனக்கே இன்னும் சரியா நெனப்பு வரல. அன்னைக்கு எல்லாரும் அந்தப் பொண்ணு பேரச் சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன்." மாமா, "ஏய், சும்மா இரு" என்றார். அத்தை சும்மா இருக்கவில்லை. தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் வரேன். அவரு வர்றது அவரு இஷ்டம்" என்றார். அத்தை சொன்னதால் இசக்கி எடுக்கவில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதாக நீ எடுத்துக்கொள்ளாதே. எதுவும் நிரூபணம் ஆகவில்லை. சங்கிலி இன்றைக்கும் கிடைக்கவில்லை, இனியும் கிடைக்காது என்றே நினைக்கிறேன். கிடைக்காமலேயே நீங்கள் இரண்டு பேரும் வாழ வேண்டும். உன்னால் முடியுமா என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும்.

இன்று காலை ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போய் வெள்ளியில் பட்டம் வாங்கிவிட்டேன். அப்பா அதன் நூலை இழுத்துப் பார்த்து உறுதியாகத்தான் இருக்கிறது என்றார். இனி உன் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இசக்கியின் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து கிளாம்பாக்கத்தில் இறங்குவார்கள். அவர்களை அழைத்துவர வேறு யாரையும் அனுப்ப மாட்டேன். நீயே போ. இந்தச் சங்கிலிக் கதை அவர்களுக்குத் தெரியாது. அவள் ஊருக்குச் சொல்லவே இல்லை. மண்டபத்தில் மாமா வாயிலிருந்து அவள் அப்பா அதை முதல்முதலாகக் கேட்கக் கூடாது. அவளிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து நீயே சொல். ஒரு சங்கிலி காணாமல் போனது, உங்கள் பெண் மேல் பழி சொன்னார்கள், சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை, நான் அவளைக் கட்டிக்கொள்கிறேன். இவ்வளவுதான். முன்னும் பின்னும் எதையும் சேர்க்காதே. அவர் என்ன கேட்டாலும் பதில் சொல். அவர் அழுதால் பக்கத்தில் இரு.

இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையென்றால் அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணு. கல்யாணத்தை நிறுத்திவிடலாம், அவளை நான் மாடி அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். சொல்லிவிட்டாய் என்றால் போன் வேண்டாம். நேராக வீட்டுக்கு அழைத்து வா. சோறு ஆக்கி வைத்திருக்கிறேன்.

அம்மா